இதுல நீங்க யாரு?

எங்கள் துறையில் இப்போது விசாரணைகள் கணினித் திரையில் நடக்கின்றன. மனு கொடுத்தவர் ஒரு கட்டத்துக்குள் இருப்பார். பதில் சொல்ல வேண்டியவர் இன்னொரு கட்டத்துக்குள் இருப்பார். அதிகாரி நடுக்கட்டத்தில் இருந்துகொண்டு "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருப்பார். ஓய்வூதிய வேலையாக ராஜபாளையம் தாலுகா ஆபீஸ் பக்கம் போனவள் செத்த நேரம் நின்று அதை வேடிக்கை பார்த்தேன். கேள்வி கொஞ்சம் இறுகியதும் ஒரு கட்டம் கறுத்துவிட்டது.

"டவர் இல்லையாம் யக்கா" என்றாள் செண்பகம். எனக்குப் பிறகு அந்த ஆபீசில் உதவியாளராக வந்தவள்.

"டவரெல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆளுக்குத்தான் தொண்டை அடைச்சிருக்கும்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாண மண்டபத்துல ஒரு விசாரணை நடந்துச்சாமே, அண்ணாச்சி நழுவப் பாத்து முடியாமப் போச்சாமே. ஆளுக்கொரு விதமாச் சொல்றாக. நீங்கதான் அன்னைக்கு எழுதுனவுக. ஒரு தடவை உள்ளபடி எழுதிக் குடுங்க யக்கா" என்று பிடித்துக்கொண்டாள். விடுவேனா? மறுநாளே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் படிப்பு, தட்டச்சில் ஹையர், தேர்வாணையத் தேர்வு, தாலுகா ஆபீசில் தட்டச்சர் வேலை. கார்பன் தாளை எந்தப் பக்கம் வைப்பது, எந்த அதிகாரிக்குச் சர்க்கரை இல்லாத டீ, எந்த மின்விசிறிக்குக் கீழே உட்காரக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டதுதான் என் பயிற்சிக் காலம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மனுவோடு வந்த கிழவரை யாராவது "நாளைக்கு வா" என்று விரட்டினால், விரட்டியவர் எனக்கு மேலதிகாரியாக இருந்தாலும் சுருக்கென்று ஏறிவிடும். "கிரேசை வேலைக்கு வச்சிருக்காகளே, கவர்மெண்டுக்கு ரொம்பத்தான் பொறுமை" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

அப்படிப்பட்ட என்னைச் சங்கரலிங்கம் சாரிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவர் வருவாய்த் துறையில் விசாரணைகளுக்கென்றே ஊர் ஊராக அனுப்பப்பட்ட அதிகாரி. குள்ளமான ஆள். அரைக்கைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்க். அதற்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சுக்குக் காப்பி. சத்தமாகப் பேசவே மாட்டார். அவர் சொல்வது காதில் விழ வேண்டுமென்றால் எதிரில் இருப்பவர் தன் சத்தத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். எந்த ஆபீசுக்குப் போனாலும் அதிகாரி நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு போட்டிருப்பார்கள் அல்லவா, அதை முதல் வேலையாக எடுத்து மடித்து மேஜை அறைக்குள் வைத்துவிடுவார். "முதுகுக்கு எதுக்கும்மா மாலை மரியாதை" என்பார்.

அவர் விசாரணைக்கு ஒரு முறை உண்டு. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இரண்டே கேள்வி. "பேரு சொல்லுங்க. இதுல நீங்க யாரு?" பதவியைச் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த விவகாரத்தில் அவர் செய்தது என்ன என்பதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னதை, சொன்ன சொல்லிலேயே, வாக்குமூலத்தின் முதல் வரியாக நான் எழுத வேண்டும். பிறகு சார் "வேற?" என்பார். "அம்புட்டுதான்" என்று அவர்களாகச் சொல்லும் வரைக்கும் "வேற?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் நான் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும்.

எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. "இப்படிப் போனா நம்ம ரெண்டு பேருமே ரிட்டயர்டு ஆயிருவோம் சார்" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். "ஆனா நல்லதுதானம்மா, மத்தியானம் தூங்கலாம்" என்றார்.

தேவதானத்தில் ஒரு மடைத் தகராறு. கண்மாய்த் தண்ணீரை மேல்மடைக்காரர்கள் அடைத்துக்கொண்டார்கள் என்று கீழ்மடைக்காரர்கள் மனு. விரல் நிறைய மோதிரத்தோடு ஒருவர் வந்து நடுவில் நின்றுகொண்டார்.

"இதுல நீங்க யாரு?" என்று சார் கேட்டார்.

"நான் ஊருக்குப் பெரியவன்."

"சந்தோசம். மடையில நீங்க யாரு?"

"ரெண்டு பக்கமும் என் பேச்சைக் கேப்பாக."

"சரி. வேற?"

"பொதுவான ஆளு."

"வேற?"

பொதுவான ஆள் நெளிந்தார். நான் பேனாவைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "மேல்மடையில எனக்கும் வயல் கெடக்கு. அடைக்கச் சொன்னதே நாந்தான்" என்றார். "அடடா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா எம்புட்டு நேரம் மிச்சம்" என்று சார் அவருக்கு ஒரு தம்ளர் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மடை திறந்துவிட்டது. அன்றிலிருந்து நான் அவர் முறையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆலங்குளத்துக் கரிசலில் பயிர் நிவாரண விசாரணை, சேத்தூர்ப் பக்கம் பட்டா விசாரணை என்று எங்கே போனாலும் இதே கேள்வி, இதே "வேற?", இதே சுக்குக் காப்பிதான்.

இனி மண்டபத்துக் கதைக்கு வருகிறேன்.

ராஜபாளையம் கடைவீதியில் ஒரு மாடியில் பணம் போடும் கம்பெனி ஒன்று திறந்தார்கள். பெயர் எதற்கு, நாங்கள் எல்லோரும் மாடிக் கம்பெனி என்றுதான் சொல்லுவோம். எந்த பேங்கிலும் கிடைக்காத வட்டி தருவதாகச் சொன்னார்கள். மில் தொழிலாளிகள், பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்கள் என்று எல்லோரும் போட்டார்கள். போட்டதற்கு வட்டி மட்டும் காரணமில்லை. கம்பெனியைத் திறந்து வைத்தவர் அண்ணாச்சி. அதுதான் பெரிய காரணம்.

அண்ணாச்சி என்பது எங்கள் தொகுதியின் அன்றைய சட்டமன்ற உறுப்பினர். எங்கள் பக்கத்தில் கடை திறந்தால் கைராசிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து முதல் போணி செய்யச் சொல்லுவது வழக்கம். அண்ணாச்சிக்கு அரசியலுக்கு வருமுன்பே கைராசிப் பெயர் உண்டு. டயர் கடை, சலூன், மாவு மில், எதைத் திறந்தாலும் அவர் வந்து முதல் காசைக் கொடுத்து போணி பண்ணினால்தான் கடைக்காரருக்குத் தூக்கம் வரும். ஆள் நல்ல கலகலப்பு. குழந்தைகளைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளாமல் போக மாட்டார். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

மாடிக் கம்பெனியிலும் ரிப்பன் வெட்டி, முதல் ஆளாகத் தன் பெயரில் பணம் போட்டு, மைக்கைப் பிடித்தார். "தொழில் பண்றவனை அதிகாரிக படியேறிப் படியேறித் தொந்தரவு பண்ணுன காலம் மலையேறிப் போச்சு. இனிமே மேல அனுமதி வாங்காம ஒரு இன்ஸ்பெக்டரும் இந்தப் படியில கால் வைக்க முடியாது!" என்று பேசினார். வெறும் மேடைப் பேச்சு இல்லை. தொழில் வளர வேண்டும், சோதனை குறைய வேண்டும் என்று அப்போது அரசாங்கமே ஒரு முடிவெடுத்து, திடீர்ச் சோதனை கூடாது, முன் அனுமதி வேண்டும் என்று ஆணை போட்டிருந்தது. சட்டசபையில் அதற்காக மல்லுக்கட்டியவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். கடைவீதியே கை தட்டியதாம். நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன். படியேறித் தொந்தரவு செய்யும் அதிகாரிகளை எனக்கும் பிடிக்காது.

இந்த மாதிரிக் கம்பெனிகளைப் பார்வையிட வேண்டிய ஆய்வாளர் எங்கள் மாரியப்பன். அவன் பிரிவு எங்கள் ஆபீஸ் வளாகத்திலேயே இருந்தது. வாயில்லாப் பூச்சி. என்னை அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தம்பியாகவே ஆகிவிட்டவன். கம்பெனியைப் பற்றி ஒன்றிரண்டு புகார் வந்ததும் அனுமதி கேட்டு எழுதினான். இழுத்தடித்து ஒருவழியாக அனுமதி வந்தது. சோதனைக்குப் போனான். மாடிப்படிக்குக் கீழே ஒரு மகாலட்சுமி படமும் அதற்குப் பூவும் வைத்திருந்தார்கள். சாமி படம் இருக்கிறதே என்று இவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். சோதனைக்குப் போகிறவன் கோயிலுக்குப் போகிற மாதிரி போனால் எப்படி? பாதிப் படியில் போன் வந்தது. மாவட்டத்தில் இருந்த அவனுடைய மேலதிகாரி.

"மாரியப்பா, எங்க நிக்க?"

"படியில சார்."

"எறங்கிரு. அண்ணாச்சி சொல்லிட்டாரு."

இறங்கிவிட்டான். பதற்றத்தில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். டீக்கடைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறான், காலில் பெரிய தோல் செருப்பு. "கணக்கைச் சோதிக்கப் போனவன் செருப்பை மாத்திட்டு வந்துட்டான்" என்று ஆபீசே அவனை ஓட்டித் தள்ளியது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ஒரு காலையில் மாடிக் கம்பெனியின் ஷட்டர் திறக்கவில்லை. நடத்தியவர்கள் போன இடம் தெரியவில்லை. கடைவீதி முழுக்க அழுகையும் சாபமும்தான். உடனே யார் மீதாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டுமல்லவா, மாரியப்பனை சஸ்பெண்ட் செய்தார்கள். "போகச் சொன்னோம், இவன் போகவே இல்லை" என்றார்கள். போன் செய்த மேலதிகாரியைக் கேட்டால், "அப்படிச் சொன்னதா ஞாபகமே இல்லையே" என்றார். வாய் வார்த்தைக்குச் சாட்சி ஏது?

மாரியப்பன் என் வீட்டுக்கு வந்து அழுதான். "வேலை போனாக்கூடப் பரவாயில்ல யக்கா. தெருவுல போனா, காசு வாங்கிட்டுப் படியெறங்குனவன்ங்கிறாக. எம்மகளை ஸ்கூல்ல அப்படிச் சொல்லிருக்காக." எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தேன். அது போய்ப் பக்கத்து வீட்டுக் கோழி மேல் விழுந்தது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அரசாங்கம் விசாரணைக்கு உத்தரவிட்டது. யாருடைய தவறால் இப்படி ஆனது என்று அறிக்கை தர வேண்டும். சங்கரலிங்கம் சாரைப் போட்டார்கள். எழுத நான். "கீழ்மட்ட ஊழியரின் கவனக்குறைவு" என்று முடிந்துவிடும் என எல்லோருமே பேசிக்கொண்டார்கள். சாரிடமே ஒருவர் வந்து, "சீக்கிரம் முடிச்சிருவீகள்ல?" என்று கேட்டார். "கேட்டு முடிச்சதும் முடிச்சிருவேன்" என்றார் சார்.

கூட்டம் ஆபீசில் அடங்காது என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடந்தது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு சிம்மாசனம் இரண்டு. தூக்கி ஓரமாக வைக்கப் பார்த்தோம், அசையவில்லை. "அதுலயே உக்காருங்க சார், மெத்துமெத்துன்னு இருக்கும்" என்றார் வாட்ச்மேன். சார் ஒரு பெட்ஷீட்டை வாங்கி இரண்டையும் மூடச் சொன்னார். கீழே தரையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மடக்கு நாற்காலி. முறை வரும் வரை காத்திருக்கப் பின்பக்கத்தில் பந்திக் கூடம். பெயர் கூப்பிடுவதும் என் வேலைதான்.

முதலில் வந்தவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். பேண்டேஜ் தறியில் வேலை பார்ப்பவள். வாட்டசாட்டமான உடம்பு, கணீரென்ற குரல்.

"இதுல நீங்க யாரு?"

"ஏமாந்தவ."

"அது அவிங்க உங்களுக்குச் செஞ்சது தாயி. நீங்க செஞ்சது?"

"பணம் போட்டவ."

"வேற?"

"வட்டிக்கு ஆசைப்பட்டவ."

"வேற?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "எங்க தெருவுல அம்புட்டுப் பேரையும் போடச் சொன்னவ. எம்பேச்சைக் கேட்டுத்தான் போட்டாக. இப்ப அவிய மூஞ்சியில முழிக்க முடியல சார். அம்புட்டுதான்."

நான் வாசித்துக்காட்டினேன். அவள் நிமிர்ந்து நின்று கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள் யாருமே "ஏமாந்தவன்" என்று ஆரம்பிக்கவில்லை.

மாவட்டத்து மேலதிகாரியும் வந்தார். "இதுல நீங்க யாரு?" என்றதற்கு "ஞாபகம் இல்லை" என்றார். சார் "வேற?" என்றார். "ஞாபகம் இல்லை." "வேற?" "ஞாபகம் இல்லை." ஒன்றையும் விடாமல் எழுதினேன். வாசித்துக்காட்டும்போது மண்டபமே சிரித்தது. மாரியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இப்படியே போனால் மிஞ்சுவது அவன் ஒருவன்தான்.

அன்று மத்தியானம் அண்ணாச்சியே வந்து இறங்கினார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பணம் போனவர்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தாராம். பின்னால் நாலைந்து ஆட்கள், ஒருவர் கையில் இளநீர், ஒருவர் கையில் செல்போன் கேமரா. நேரே மேடைக்கு ஏறினார். ஆட்கள் பெட்ஷீட்டை உருவிப் போட்டார்கள். மாப்பிள்ளை சிம்மாசனத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

சார் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு, "பேரு சொல்லுங்க" என்றார்.

"அண்ணாச்சி பேரு தெரியாதாக்கும்?" என்று ஆட்கள் சிரித்தார்கள்.

"தெரியும். எழுதணும்ல."

அண்ணாச்சி பெருந்தன்மையாகப் பெயரைச் சொன்னார்.

"இதுல நீங்க யாரு?"

"நானா? எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மக்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தேன்."

"ரொம்ப நல்லது. இதுல சம்பந்தப்பட்டவங்களுக்குத்தான் இங்க எடம். ஆறுதல் சொல்றதைப் பந்திக் கூடத்துல உக்காந்து சொல்லுங்க. கிரேஸ், ஐயாவைக் கூட்டிட்டுப் போம்மா." அதே தணிந்த குரல்தான். சிம்மாசனத்திலிருந்து இறங்கும்போது அண்ணாச்சியின் வேட்டி நுனி கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. நான்தான் விடுவித்தேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பந்திக் கூடத்தில் நீள மேஜை, நீள பெஞ்சு. பேச்சியம்மாளும் தெருப் பெண்களும் தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியைப் பார்த்ததும் கத்துவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் கத்தவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பேச்சியம்மாள் மூடியில் கொஞ்சம் புளிச்சோறு வைத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. ரொம்ப நாளா எங்கயும் பந்தியில ஒங்களைக் காணமே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "யாருமே கூப்பிட மாட்டேங்கிறாகளே தாயி. வைகாசியில ஒரு கடைத் திறப்பு கூட இல்ல. ஒரு காதுகுத்து கூட இல்ல."

"எப்படிக் கூப்பிடுவாக? எங்க அக்கா மகன் செல்போன் கடை தொறந்தான். பத்திரிகையில ஒங்க பேரைப் போட்டு அடிச்சாச்சு. பொறவு பேருக்கு மேல காகிதம் வெட்டி ஒட்டுனோம். ஏட்டி, நீதானட்டி ஒட்டுன?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அவள் வாயில் சோற்றோடு தலையாட்டினாள். "அண்ணாச்சி கை பட்டா கடை வெளங்காதுன்னு ஊர்ல பேச்சாயிருச்சு."

எனக்குத் தெரிந்து எந்த எதிர்க்கட்சியும் அவரை அப்படி அடித்ததில்லை. மனிதர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "நானுந்தான் பணம் போட்டேன், என் பணமும்தான் போச்சு" என்றார். "அந்த உத்தரவு நான் மட்டும் போட்டதா? சோதனை கூடாதுன்னு நான் பேசுனப்ப எல்லாருந்தான கை தட்டுனீக?"

"தட்டுனோம்" என்றாள் பேச்சியம்மாள். "இல்லைன்னு யாரு சொன்னா? அதைத்தான் நாங்க உள்ள போயி ஆளாளுக்குச் சொல்லிட்டு வந்திருக்கோம். ஆசைப்பட்டவன்னு சொன்னேன், தெருவைக் கெடுத்தவன்னு சொன்னேன். சொன்ன பொறவு எனக்கு ராத்திரி தூக்கம் வரும். எங்களைத் தட்ட வச்சது யாருன்னு நீங்க சொல்ல வேண்டாமா? அங்க மூலையில ஒருத்தன் ஒங்களுக்கும் சேத்துத் தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கான் பாருங்க."

அண்ணாச்சி கதவு வழியாக மாரியப்பனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்களில் ஒருவர் வந்து "போலாம் அண்ணாச்சி, வண்டி நிக்குது" என்றார். "ஏலே, செத்த பேசாம இரு" என்று அதட்டிவிட்டு, மூடியில் இருந்த புளிச்சோற்றைப் பருக்கை விடாமல் தின்றார். கை கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். "எம்பேரையும் வரிசையில எழுதிக்கம்மா" என்றார்.

அவர் முறை வரும் வரை பெஞ்சிலேயே காத்திருந்தார். இந்த முறை மேடைப் பக்கமே திரும்பவில்லை. மடக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"இதுல நீங்க யாரு?" சார் புது ஆளைக் கேட்பது போலவே கேட்டார்.

"நானும் பணம் போட்டவன்."

"எழுதிக்கம்மா. வேற?"

"ரிப்பன் வெட்டுனவன். மொதப் போணி பண்ணுனவன்."

"வேற?"

"அனுமதி இல்லாமச் சோதனை கூடாதுன்னு சட்டசபையில பேசி உத்தரவு வாங்குனவன். ஊருக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

"ரெண்டையும் எழுதிக்க. வேற?"

சொல்லிரு மனுசா, சொல்லிரு என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மாரியப்பன் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தம்பி படியேறிட்டாருன்னு கம்பெனிக்காரங்க எனக்கு போன் போட்டாக. நான் மாவட்டத்துக்கு போன் போட்டேன். அவரைத் திரும்பி வரச் சொல்லச் சொன்னவன் நாந்தான். அவரு காசு வாங்கிட்டு எறங்கலை. நான் சொல்லித்தான் எறங்குனாரு. அம்புட்டுதான்."

மாரியப்பன் தேம்பி அழுதுவிட்டான். "செருப்பைக் கூட மாத்திப் போட்டுட்டு வந்தேன் சார்" என்று அழுகையோடு சொன்னான். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், எழுத்தெல்லாம் கோணலாகப் போய்விட்டது. சார் மட்டும் அமைதியாகப் பிளாஸ்கைத் திறந்து அண்ணாச்சிக்குச் சுக்குக் காப்பி ஊற்றினார். நான் வாசித்துக்காட்டினேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். ஞாபகம் இல்லாத மேலதிகாரிக்கு மறுநாளே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

மாரியப்பனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. உத்தரவு வந்த அன்று அவன் மகள் வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்தாள். முன் அனுமதி ஆணையைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றார்கள். பணம் கோர்ட்டு வழியாக இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது. முழுசாக வரும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அண்ணாச்சிக்கு அவர் கட்சியில் அடுத்த முறை சீட்டுத் தரவில்லை. ஆனால் காதுகுத்துப் பத்திரிகைகள் மறுபடி வர ஆரம்பித்தன. பேச்சியம்மாள் வீட்டு விசேசத்தில் அவருக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றியதை நானே பார்த்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்ததையும் சொன்னால்தான் கதை முடியும். அதே கடைவீதியில், அதே மாடியில், புதிதாக ஒரு பணம் போடும் கம்பெனி வந்தது. வாழை மரம், மேளம், ரிப்பன் எல்லாம் தயார். புதிய சட்டமன்ற உறுப்பினர் வந்து கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். நான் காய்கறிப் பையோடு கூட்டத்தில் நின்றேன். கொஞ்சம் தள்ளி அண்ணாச்சியும் நின்றுகொண்டிருந்தார். அப்போது பேச்சியம்மாள் முன்னால் போனாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். நாளப்பின்ன விசாரணைன்னு வந்தா, இதுல நீங்க யாருன்னு சொல்வீக?"

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். அண்ணாச்சிதான். பிறகு கடைவீதியே சிரித்தது. புதிய உறுப்பினர் பேச்சியம்மாளைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், மாடியை அண்ணாந்து பார்த்தார். கத்தரிக்கோலைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். "மொதல்ல ஆய்வாளரு பாத்துட்டு வரட்டும்" என்றார்.

கூட்டத்தில் நின்றிருந்த மாரியப்பன் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனான். கீழே இப்போதும் ஒரு சாமி படம் இருந்தது. கும்பிட்டுக்கொண்டான். செருப்பைக் கழற்றவில்லை. கடைசிப் படி வரைக்கும் ஏறினான், யாரும் போன் போடவில்லை. கடைவீதி கை தட்டியது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சங்கரலிங்கம் சாருக்கு போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், மத்தியானம் நன்றாகத் தூங்குகிறாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா கிரேஸ், இதுல நீ யாரு?" என்றார்.

"கை தட்டுனவ சார்" என்றேன். "அம்புட்டுதான்."